அடி நின்று இரண்டு வருடம் ஆச்சு, இப்போது எதற்காக எழுந்திருக்கிறேன் என்று தெரியவில்லை

பனியன்ஊர்க்காரி | ஞாயிறு, இரவு 10.40

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இந்தப் பகுதியைப் படிக்க மட்டும் செய்தேன், இன்றைக்குத்தான் எழுதுகிறேன். வயது 34. ஏழாவது படிக்கிற மகள். ஊர் பெயர் வேண்டாம், பனியன் கம்பெனியில் செக்கிங் என்றால் உங்களுக்கே தெரிந்துவிடும்.

13 வருடம் அவரோடு இருந்தேன். நடந்ததையெல்லாம் எழுதப் போவதில்லை. குழம்பில் உப்பு கூடிப் போனதற்கு ஒரு நாள், அண்ணனோடு போனில் சிரித்துப் பேசியதற்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். சனிக்கிழமை சம்பளத்தை நான் செருப்பைக் கழற்றுவதற்குள் வாங்கிக்கொள்வார். இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, பாப்பாவின் ஸ்கூல் பையில் இருந்த புத்தகங்களை எடுத்துவிட்டுத் துணியைத் திணித்துக்கொண்டு கிளம்பி வந்துவிட்டேன்.

என் பிரச்சினை வந்த பிறகுதான். அங்கே இருந்தவரை எனக்கு இருபத்துநாலு மணி நேரமும் ஒரு வேலை இருந்தது. அவர் வண்டி நிறுத்துகிற சத்தத்தை வைத்தே அன்றைக்கு ராத்திரி எப்படி என்று சொல்லிவிடுவேன். சைடு ஸ்டாண்ட் என்றால் பரவாயில்லை, மறுபடி வெளியே போவார். நடு ஸ்டாண்டில் ஏற்றுகிற சத்தம் கேட்டால் பாப்பாவைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். அந்த வேலை இப்போது இல்லை. கம்பெனியில் இருக்கும்போது ஒன்றும் தெரிவதில்லை. ஞாயிற்றுக்கிழமை துவைத்துக் காயப்போட்டு முடித்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நிம்மதியாக இருக்கலாம் இல்லையா என்று எல்லாரும் கேட்கிறார்கள். நிம்மதிதான். ஆனால் எதற்காக இருக்கிறேன் என்று தெரியவில்லை. சம்பளம் என் கையில் இருக்கிறது, அதைவைத்து என்ன செய்வது என்று தெரியவில்லை. போன மாதம் துணிக்கடையில் அரை மணி நேரம் நின்றுவிட்டு ஒன்றும் எடுக்காமல் வந்தேன்.

13 வருடம் பட்டது சும்மாவா? அதற்கு ஒரு அர்த்தம் இருக்க வேண்டாமா? யாருக்காவது இப்படி இருந்திருக்கிறதா?

மட்டுறுத்துநர் | ஞாயிறு, இரவு 11.15

எழுதியதற்கு நன்றி சகோதரி. ஒன்றை நேராகவே கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உயிரை விட்டுவிடலாம் என்கிற நினைப்பு வருகிறதா? வந்தால் பதில்களுக்குக் காத்திருக்காமல் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் போன் போடுங்கள், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். 104-லும் பேசலாம். அவரால் திரும்பவும் தொந்தரவு வந்தால் பெண்கள் உதவி எண் 181.

பனியன்ஊர்க்காரி | ஞாயிறு, இரவு 11.22

அந்த நினைப்பு இல்லை சார். முன்பு அங்கே இருந்தபோது இருந்தது. இப்போது வெறும் வெறுமை. நம்பரைக் குறித்து வைத்துக்கொண்டேன்.

செம்பருத்தி51 | திங்கள், காலை 5.50

தங்கச்சி, நான் வெளியே வந்து 14 வருடம் ஆகிறது. உன் பதிவைப் படித்துவிட்டு டீ ஆறிப்போனதுதான் மிச்சம்.

முதலில் ஒன்று கேட்கிறேன். ராத்திரி தூங்குகிறாயா? நான் வந்த புதிதில் எட்டு மாதம் கட்டிலை நகர்த்திக் கதவுக்கு முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் படுப்பேன். கதவில் தாழ்ப்பாள் நன்றாகத்தான் இருந்தது. அவருக்கு நான் இருக்கிற ஊரே தெரியாது. ஆனாலும் முட்டு. ஒரு நாள் அசதியில் மறந்து தூங்கிவிட்டேன். காலையில் கட்டில் இருந்த இடத்திலேயே இருப்பதைப் பார்த்துக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அதற்குப் பிறகுதான் எதற்காக வாழ்கிறோம் என்கிற கேள்வியெல்லாம் எனக்கு வந்தது. அதனால் உனக்கு அந்தக் கேள்வி வந்திருப்பதையே நான் நல்ல சேதியாகத்தான் பார்க்கிறேன். பயத்தில் இருக்கிறவளுக்கு அதைக் கேட்கவே நேரம் இருக்காது.

நான் செய்தது டைப்ரைட்டிங். 38 வயதில் இன்ஸ்டிடியூட்டில் சேர்ந்தேன். பக்கத்தில் எல்லாம் பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், என்னை மேடம் என்றுதான் கூப்பிடும். தினமும் ஒரு மணி நேரம் யளனகபக, யளனகபக. சுண்டு விரலுக்கு அந்த ய அழுந்தவே அழுந்தாது, அவர் ஒருமுறை முறுக்கிவிட்ட விரல் அது. லோயர் பரீட்சையில் ஒரு தடவை போச்சு, அடுத்த தடவை வந்துவிட்டது. அந்தச் சான்றிதழால் பெரிய வேலை ஒன்றும் கிடைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஜெராக்ஸ் கடையில் மனு அடித்துக் கொடுக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு மணி நேரத்தில் யார் முகத்தையும் பார்க்க வேண்டாம், தாளை மட்டும் பார்த்தால் போதும். தப்பு அடித்தால் தாள்தான் போகும்.

அது கிடக்கட்டும். உனக்கு என்ன குழம்பு பிடிக்கும்?

குடும்பவிளக்கு | திங்கள், காலை 9.05

என் மனதில் பட்டதைச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். போன ஜென்மத்துக் கடன் ஏதோ இருந்திருக்கும், 13 வருடத்தில் கழிந்துவிட்டது என்று நினைத்துக்கொள்ளுங்கள், மனசு லேசாகும். பெண் குழந்தை வேறு இருக்கிறது. நாளைக்கு அதற்கு ஒரு நல்லது என்றால் மணவறையில் அப்பா நிற்க வேண்டாமா? இரண்டு வருடத்தில் அவருக்கும் புத்தி வந்திருக்கலாம். பெரியவர்களை வைத்துப் பேசிப் பார்ப்பதில் தப்பில்லை.

கடைசிசீட்டு | திங்கள், காலை 9.48

//போன ஜென்மத்துக் கடன்//

அம்மா, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டில் கல்யாணமான 18 முதல் 49 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 38 பேர் கணவனால் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். அத்தனை பேரும் போன ஜென்மத்தில் கூட்டாகக் கடன் வாங்கினார்களா?

நான் மகன் ஸ்தானத்தில் இருந்து எழுதுகிறேன். எங்கள் அம்மா எங்களுக்காகத்தான் அங்கேயே இருந்தார்கள். எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள், அம்மாவும் சொல்வார்கள். எனக்கு அந்த வாக்கியத்தைக் கேட்டாலே வயிற்றைப் பிரட்டும். எனக்கு நினைவிருக்கிற சின்ன வயது என்றால் போர்வைக்குள் தங்கையின் காதைப் பொத்திக்கொண்டு கிடந்ததுதான். கல்யாணத்துக்கு அப்பா நின்றார். போட்டோவில் நன்றாகத்தான் இருக்கிறார்.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. அக்கா, நீங்கள் துணிக்கடை பற்றி எழுதியதைப் படித்ததும் அம்மாதான் நினைவுக்கு வந்தார்கள். அப்பா இறந்த புதிதில் காய்கறிக் கடையில் நின்று எனக்குப் போன் செய்வார்கள்: "டேய், கத்தரிக்காய் வாங்கவா, அவரைக்காய் வாங்கவா?" எனக்கு எரிச்சலாக வரும். ஏதாவது ஒன்றை வாங்கும்மா என்பேன். பிறகுதான் உறைத்தது, அவர்களுக்கு 35 வருடமாக அந்தக் கேள்வியை யாரும் விட்டுவைக்கவில்லை.

2021-ல் டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம் என்று வந்தது இல்லையா, அதில்தான் மாறினார்கள். முதலில் கோயிலுக்குப் போனார்கள். பிறகு சும்மா போக ஆரம்பித்தார்கள். மத்தியானம் சாப்பிட்டுவிட்டு ஏதோ ஒரு பஸ்ஸில் ஏறி, ஜன்னல் சீட்டைப் பிடித்து, கடைசி ஸ்டாப் வரை போய், அங்கே ஒரு டீ குடித்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்பி வருவார்கள். கண்டக்டர்கள் எல்லாம் பழக்கம். அந்த இலவச டிக்கெட்டுகளைக் கிழிக்காமல் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்கள். எதற்கும்மா இது என்று கேட்டேன். "நான் போயிட்டு வந்ததுக்குக் கணக்கு" என்றார்கள்.

35 வருடம் அடிபட்டதற்கு இதுதான் அர்த்தமா என்று கேட்டால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அது ஒரு அநியாயம், நடந்தது, முடிந்தது. பஸ் வேறு.

குடும்பவிளக்கு | திங்கள், காலை 10.20

நான் நல்லதுக்குத்தான் சொன்னேன் தம்பி. உங்கள் அம்மாவை நினைத்தால் கஷ்டமாக இருக்கிறது. எனக்கும் சொல்ல சில விஷயங்கள் உண்டு, இங்கே வேண்டாம்.

கறுப்புக்கோட்டு | திங்கள், மதியம் 2.10

வழக்கறிஞர், மாவட்ட நீதிமன்றத்தில் 20 வருடம். கேட்டவர் சட்டம் கேட்கவில்லை, ஆனாலும் இரண்டு விஷயம் சொல்லாமல் போக மனம் வரவில்லை.

ஒன்று, சம்பளத்தைப் பிடுங்கிக்கொண்டது. அடித்தால்தான் வன்முறை என்று இன்னமும் நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு உடல், பாலியல், வாய்வார்த்தை, மனம் எல்லாவற்றோடு பொருளாதார வன்முறையையும் சேர்த்தே எழுதியிருக்கிறது. சீராகக் கொண்டுபோன நகை, பாத்திரம் எல்லாம் இன்னமும் அங்கேயே இருந்தால் அதைத் திருப்பித் தரச்சொல்லவும் மாஜிஸ்திரேட்டால் முடியும். அவர் இருக்கிற ஊரில்தான் போட வேண்டும் என்பதும் இல்லை. நீங்கள் இப்போது தங்கியிருக்கிற, வேலை பார்க்கிற இடத்து நீதிமன்றத்திலேயே போடலாம். வந்து இரண்டு வருடம் ஆகிவிட்டதே என்று தயங்க வேண்டாம். இந்த மனுவுக்கு ஒரு வருடக் கெடு பொருந்தாது என்று 2022-இல் நம் தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு அங்கே வருமான வரம்பு கிடையாது. போன் 15100. சமூக நல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலர் இருப்பார், அவர் வழியாகவும் போகலாம். 60 நாளில் முடிக்க முயல வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது, நடப்பில் இழுக்கும், அந்தப் பொய்யை நான் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது, நான் பார்த்தது. மனு எழுதும்போது "உங்களுக்கு என்னம்மா வேணும்?" என்று கேட்பேன். பாதுகாப்பு ஆணை, ஜீவனாம்சம், நகை, குழந்தை என்று நான் எதிர்பார்த்துக்கொண்டு பேனாவைப் பிடித்திருப்பேன். பாதிப் பேர் சொல்வது வேறு: "அவர் ஒரே ஒரு தடவை, நான் பண்ணது தப்புன்னு சொல்லணும் மேடம்." அதை எந்தப் பிரிவின் கீழ் கேட்பது? ஒரு அம்மா ஜீவனாம்சத் தீர்ப்பைக் கையில் வாங்கிக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார். ஜெயித்துவிட்டோமே என்றேன். "அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கலையே மேடம்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காகக் காத்துக்கொண்டிருக்கிறவர்கள் வீட்டை விட்டு வந்தும் அந்த வீட்டு வாசலிலேயே நிற்கிறார்கள். உங்கள் கேள்வியில், 13 வருடம் பட்டதற்கு அர்த்தம் வேண்டாமா என்பதில், எனக்கு அதன் சாயல் தெரிகிறது. தப்பாக இருந்தால் மன்னிக்கவும்.

புதியபாதை | திங்கள், மாலை 6.30

சகோதரி, நீங்கள் பட்டது வீண் போகாது. உங்கள் கதையை நாலு பேருக்குச் சொல்லுங்கள். பாதிக்கப்பட்ட பெண்களுக்கு உதவும் அமைப்புகளில் சேருங்கள். உங்கள் வலி இன்னொருத்திக்கு வெளிச்சம் ஆகும்!

தோழி_விடுதிஅறை | திங்கள், இரவு 8.45

புதியபாதை அவர்களே, இதில் எனக்கு உடன்பாடு இல்லை. நான் அதைச் செய்து பார்த்தவள்.

வெளியே வந்து ஐந்தாவது மாதமே தன்னார்வலராகப் போய் உட்கார்ந்தேன். போனில் ஒரு பெண் பேசுவாள், பின்னால் ஒரு ஆள் கத்துகிற சத்தம் கேட்கும், எனக்குக் கை விறைத்துப் போகும். அவளுக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் பாத்ரூமில் போய் வாந்தி எடுப்பேன். மூன்று வாரம் தாங்கினேன். பொறுப்பாளர்தான் கூப்பிட்டு, "போய் முதலில் உன்னைப் பார், இரண்டு வருடம் கழித்து வா" என்று அனுப்பினார். நல்ல மனுஷி.

எங்களைப் பார்த்தால் எல்லாருக்கும் ஒரு ஆசை. ஒன்று நாங்கள் பாவமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் சிங்கப்பெண்ணாக மேடை ஏற வேண்டும். சாதாரணமாகச் சீரியல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் யாருக்கும் பிடிப்பதில்லை. நான் இப்போது வேலைக்குப் போகிற பெண்களுக்கான அரசு தோழி விடுதியில் தங்கி, ஒரு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறேன். சனி, ஞாயிறு தூங்குகிறேன். யாருக்கும் வெளிச்சம் கொடுக்கவில்லை.

அப்புறம் இன்னொன்று, சிரிப்பாக இருக்கும். ஒரு உதவித்தொகைக்காக இ-சேவை மையத்துக்குப் போனேன். சான்றிதழின் பெயர் என்ன தெரியுமா? "கணவனால் கைவிடப்பட்ட பெண்". ஆப்பரேட்டர் பையனிடம், "தம்பி, அவர் என்னைக் கைவிடலை, நான்தான் அவரைக் கைவிட்டுட்டு வந்தேன், அதுக்கு ஏதாவது சான்றிதழ் இருக்கா?" என்று கேட்டேன். லிஸ்ட்டை மேலும் கீழும் நிஜமாகவே தேடினான். "இல்லீங்க்கா" என்றான்.

செம்பருத்தி51 | திங்கள், இரவு 8.58

ஹாஹா. அந்த மனுவை நான் எத்தனை பேருக்கு அடித்துக் கொடுத்திருப்பேன் தெரியுமா! அடுத்த தடவை அடிக்கும்போது உன் ஞாபகம்தான் வரும்.

வடமராட்சிப்பெடிச்சி | செவ்வாய், அதிகாலை 1.30

நான் யாழ்ப்பாணம் அக்கா. எங்கட நாட்டிலயும் 2005-லதான் சட்டம் வந்தது, 34-ஆம் இலக்கம். முதல்ல 14 நாளுக்கு ஒரு இடைக்கால ஆணை தருவினம், பிறகு பாதுகாப்பு ஆணை ஆகக் கூடினது 12 மாதம். எனக்கு அந்த 12 மாதம் கிடைச்சது. அது முடியப்போற நாளைக் கலண்டரில சுத்திக் கீறி வைச்சிருந்தன். முடிஞ்ச அண்டைக்கு இரவு முழுக்க வாசல் படலையைப் பாத்துக்கொண்டு விறாந்தையில இருந்தன். ஒருத்தரும் வரேல்ல. விடிஞ்சுது. நாய் பசியில வந்து காலை நக்கிச்சுது, அதுக்குச் சோறு வைச்சன். பிறகு முற்றம் கூட்டினன்.

எனக்குப் பெரிசா ஒண்டும் சொல்லத் தெரியேல்ல. நீங்கள் எழுதினதை வாசிச்சவுடன அந்த விடியப்புறம்தான் ஞாபகம் வந்தது. அதுக்குப் பிறகு ஒருநாளும் கலண்டரில வட்டம் கீறேல்ல.

பனியன்ஊர்க்காரி | செவ்வாய், இரவு 9.30

எல்லாப் பதிலையும் டீ பிரேக்கில் ஒன்று, பஸ்ஸில் ஒன்று என்று பிரித்துப் பிரித்துப் படித்தேன். கடைசிசீட்டு தம்பி, அம்மாவின் பிஸ்கட் டப்பாவைப் பற்றி என் மகளிடமும் சொன்னேன். நாமும் போட்டு வைக்கலாமா என்று கேட்கிறாள்.

வக்கீல் அக்கா எழுதியது சுருக்கென்று தைத்தது. படித்ததிலிருந்து கோபமாகத்தான் இருந்தேன். செக்கிங் மேசையில் துணியைப் பரப்பி, பிசிறு வெட்டிக்கொண்டே அதையே நினைத்துக்கொண்டிருந்தேன். ஓட்டை இருக்கிற பீஸைக் கையில் எடுத்தால் ஸ்டிக்கர் ஒட்டித் தனியாகப் போட்டுவிட்டு அடுத்ததை எடுப்போம். இந்த ஓட்டை எதற்காக விழுந்தது என்று யாரும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை, நின்றால் சூப்பர்வைசர் சத்தம் போடுவார். ஆனால் மனுஷி பீஸ் இல்லையே அக்கா. அந்தத் தப்பை அவர் வாயால் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கும் இருக்கிறது. இருக்கிறது என்பதையே நீங்கள் சொல்லித்தான் கண்டுபிடித்தேன். அவ்வளவு சீக்கிரம் போகாது என்று நினைக்கிறேன்.

செம்பருத்தி அக்கா, என்ன குழம்பு பிடிக்கும் என்று கேட்டீர்கள். பதில் போடலாம் என்று வந்தால் கை ஓடவில்லை. அவருக்குப் பிடித்தது தெரியும், பாப்பாவுக்குப் பிடித்தது தெரியும். எனக்கு?

செம்பருத்தி51 | செவ்வாய், இரவு 9.41

அவசரம் இல்லை. யோசித்துச் சொல். தூங்குகிறாயா என்று கேட்டதற்கும் பதில் வரவில்லை.

கறுப்புக்கோட்டு | செவ்வாய், இரவு 10.05

கோபப்பட்டதில் தவறே இல்லை. உங்கள் பதிலைப் படித்துவிட்டு, என்னிடம் வருகிறவர்களிடம் அந்தக் கேள்வியை இன்னும் பொறுமையாகக் கேட்டிருக்கலாமோ என்று எனக்கும் தோன்றியது.

பனியன்ஊர்க்காரி | அடுத்த ஞாயிறு, மாலை 4.15

தூக்கம் பரவாயில்லை அக்கா. வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் முழிப்பு வந்துவிடுகிறது. கீழ் வீட்டுக்காரர் ராத்திரி ஷிப்ட், அவரும் நடு ஸ்டாண்ட்தான் போடுவார். வெள்ளிக்கிழமை அவர் வீட்டம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். சொல்லும்போது குரல் நடுங்கியது. அன்று ராத்திரியிலிருந்து வண்டியைத் தெருமுனையிலேயே அணைத்துவிட்டுத் தள்ளிக்கொண்டு வருகிறார். நான் கேட்டது நடு ஸ்டாண்டை மட்டும்தான்.

குழம்பு கண்டுபிடித்துவிட்டேன். கருவாட்டுக் குழம்பு, கத்தரிக்காயும் மாங்காயும் போட்டு. எங்கள் அம்மா வைப்பார். அவருக்கு வாடை ஆகாது என்று 13 வருடம் வைக்கவில்லை, இங்கே வந்த இரண்டு வருடமும் வைக்கவில்லை, அதுதான் ஆச்சரியம். இங்கே யார் வேண்டாம் என்றார்கள்? இன்றைக்குக் காலையில் சந்தையில் நெத்திலிக் கருவாடு வாங்கி, வெந்நீரில் அலசித் தலை கிள்ளி, மண்சட்டியில் வைத்தேன். கருவாட்டிலேயே உப்பு இருக்கும் என்பதை மறந்து வழக்கம்போல் போட்டுவிட்டேன். முதல் கவளத்திலேயே கரித்தது.

எனக்கு உடம்பு ஒரு நொடி அப்படியே நின்றுவிட்டது. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாப்பா தண்ணீரைக் குடித்துவிட்டு, "அம்மா, கடலையே ஊத்திட்டியா?" என்றாள். அப்புறம் இரண்டு பேரும் சோற்றை நிறையப் போட்டுப் பிசைந்து சாப்பிட்டுவிட்டோம். சட்டியில் கொஞ்சம் மீதி இருக்கிறது. நாளைக்கு இன்னும் ருசியாக இருக்கும் என்பார்கள், உப்பு குறையுமா தெரியவில்லை. யாருக்காவது வழி தெரிந்தால் சொல்லுங்கள்.

வக்கீல் அக்கா, நகை வாங்கின ரசீது என் அம்மாவிடம் பீரோவில் இருக்கிறதாம். மனு விஷயமாகத் தனி மடலில் கேட்கலாமா?

தோழி_விடுதிஅறை | ஞாயிறு, மாலை 4.22

உருளைக்கிழங்கை வெட்டிப் போட்டு ஒரு கொதி விடுங்கள். கொஞ்சம் இழுக்கும் என்பார்கள்.

செம்பருத்தி51 | ஞாயிறு, மாலை 4.30

உருளைக்கிழங்கெல்லாம் கருவாட்டுக்கு ஆகாது. புளியைக் கரைத்து ஊற்று. கத்தரிக்காய் இருந்தால் இன்னும் இரண்டு போடு.

கறுப்புக்கோட்டு | ஞாயிறு, மாலை 5.10

தாராளமாக. ரசீதை மொபைலில் போட்டோ எடுத்து முதலில் ஒரு பத்திரமான இடத்தில் வைத்துவிடுங்கள். எனக்கும் புளிதான் சரியென்று படுகிறது.